பத்தரை

ஞாயிறு பின்னேரம் ஐந்து மணிக்கு
எட்மன்டனின் தெற்குப் பக்கம்,
கோப்பிக்கடை வாகனத் தரிப்பிடத்தில்
இரண்டு கார்கள் முகம் பார்க்காமல் நிற்கும்.
மைனஸ் இருபத்தெட்டு.
இரண்டு என்ஜினும் ஓடிக்கொண்டிருக்கும்.
ஒன்றிலிருந்து இறங்கி மற்றதில் ஏறுவான்
எங்கள் ஆரூரன்.
இடையில் பதினெட்டு அடி. எண்ணியிருக்கிறேன்.

ஏறியதும் கேட்பேன்:
என்ன சாப்பிட்டனி,
ஆர் வந்து போனது,
கொம்மா என்னைப் பற்றி ஏதும் கதைச்சவவோ.
கண்ணாடியில் படிந்த உறைபனியை
நகத்தால் சுரண்டியபடி "ம்" என்பான்.
பிறகு அந்த "ம்"மும் குறைந்தது.

காசு விசயமும் அவனிடம்தான் சொல்லி அனுப்பினோம்.
"பல்லுக் கம்பிக் காசில பாதி இன்னும் வரேல்லை
எண்டு அப்பாவிட்டச் சொல்லு."
"முதல்ல ரசீதை அனுப்பச் சொல்லு கொம்மாவை."
பதினைந்து வயது.
முத்திரை ஒட்டாத கடிதம்.

வழக்கறிஞர்கள் கெட்டிக்காரர்கள்.
புதன், வெள்ளி, ஒன்றுவிட்ட ஞாயிறு,
நத்தார் அன்று பகல் பன்னிரண்டு வரை,
எல்லாம் பங்கு பிரித்துத் தந்தார்கள்.
சோபா எனக்கு. அரைக்கிற மெஷின் அவளுக்கு.

மாசியில் பள்ளிக்கூடம் கூப்பிட்டது.
கணிதத்தில் நாற்பத்தொன்று.
மத்தியான வகுப்பில் நித்திரை.
நகமெல்லாம் சதை வரை.
ஆலோசகர் மிஸ் ஹவ்ரிலுக்
சின்னக் கதிரைகள் இரண்டை அருகருகே போட்டிருந்தார்.
இரண்டு வருடத்தில் அவ்வளவு கிட்ட
நாங்கள் இருந்ததில்லை.
யசோதினி புது மணிக்கூடு கட்டியிருந்தாள்.
பார்க்காத மாதிரிப் பார்த்தேன்.

யார் பிழை என்று தொடங்கத் தயாராகவே வந்தோம்.
என் போனில் ஆதாரங்கள், படம் படமாக.
அவள் மடியில் ஒரு மஞ்சள் கோப்பு.
அந்த மனுசி கேட்டது ஒன்றே ஒன்று:
உங்கள் மகனின் சப்பாத்து என்ன சைஸ்?

எட்டு, என்றேன்.
ஒன்பது, என்றாள், என்னை வென்ற குரலில்.

பத்தரை.

கார்த்திகையிலிருந்து
போன வருடத்து பூட்ஸுக்குள்
விரல்களை மடக்கி மடக்கி நடந்திருக்கிறான்.
அவள் வாங்கட்டும் என்று நான்.
இது அவருடைய முறை என்று அவள்.
கேட்டால் சண்டை வரும் என்று அவன்.
பெருவிரல் நகம் கறுத்துக் கிடந்ததை
உடற்பயிற்சி ஆசிரியர்தான் கண்டிருக்கிறார்.

பிரிஞ்சதாலதான் பெடியன் இப்பிடி என்று
கோயிலில் சொன்னார்கள்.
நானும் தலையாட்டினேன். அது வசதியாக இருந்தது.
முடிந்துபோன ஒன்றின் தலையில் பழியைப் போட்டால்
இன்றைக்குச் செய்ய ஒன்றுமில்லை.

அன்றிரவு ஒரு சோடி வாங்கினேன்.
அவளும் ஒரு சோடி வாங்கியிருக்கிறாள்.
ஒருவரை ஒருவர் கேட்கவில்லை.
பதினேழு வருடத்தில்
இருவருக்கும் ஒரே நாளில் ஒரே விடை வந்தது
அதுதான் முதல் தடவை.

இனி நாங்கள் சிநேகிதர் என்று நினைக்கவேண்டாம்.
போனில் இரண்டு மூன்று வரி எழுதுவோம்.
இருமல் இருக்கு. வியாழன் சோதனை.
பூட்ஸ் நனைஞ்சிருக்கு, காய வை.
முற்றுப்புள்ளியோடு நின்றுவிடும்.
பல்லுக் கம்பிக் காசை நேரே அவளுக்கே அனுப்பினேன்.
கேள்விகளை நிறுத்தினேன்.
முதல் கிழமை
அவை வாய்க்குள் கிடந்து புளித்தன.
காருக்குள் ஹீட்டர் சத்தம் மட்டும்.

மூன்றாம் ஞாயிறு, ஆற்றுப் பாலத்தில் போகையில்
அவனாகவே சொன்னான்:
அம்மா சுட்ட கேக் கருகிப்போச்சு,
புகை அலாரம் அடிச்சு
மாடி வீட்டுக்காரர் எல்லாம் பைஜாமாவோட வெளியில.
சொல்லிவிட்டு
சிரிக்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தான்.
அந்தப் பார்வை.
எத்தனை நாளாய் இப்படிப் பார்த்துப் பார்த்து
விழுங்கியிருப்பான்.
நான் சிரித்தேன்.
தேவைக்குக் கொஞ்சம் கூடவே.

நகத்தை இன்னும் கடிக்கிறான்.
கணிதம் ஐம்பத்திரண்டு.
கால் இன்னும் வளரும் என்றாள் கடைக்காரப் பெண்,
சித்திரையில் திரும்ப அளந்து பாருங்கள் என்று.
யார் அளப்பது?
இன்றைக்கு அவளுக்கு எழுதிக் கேட்கவேண்டும்.